காரைப் பார்த்து ஆளை அளப்பதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், பேச்சு வார்த்தை இன்னும் முடியவில்லை. ஊதிய உயர்வுக் கோரிக்கையோடு நமது சங்கத் தோழர்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். விலைவாசிக் கணக்கு, வீட்டு வாடகைக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணக் கணக்கு எல்லாம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நிர்வாகத்தின் பிரதிநிதி அந்தக் காகிதத்தைத் தொடவேயில்லை. எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார். "வெளியே பாருங்கள். உங்கள் ஆட்களின் கார்கள் நிற்கிற வரிசையைப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இங்கே சைக்கிள் ஸ்டாண்டு மட்டும்தான் இருந்தது. இதற்கு மேல் உங்களுக்கு என்ன பஞ்சம்?" என்றார்.

நமது தோழர்கள் அங்கேயே பதில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் அன்று மாலை வாயிற்கூட்டத்தில் நடந்ததுதான் நம்மை இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது. காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர், இளைஞர், கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக் கொண்டிருந்தார். ஒரு நாள் அடையாள வேலை நிறுத்தம் என்று தலைவர் சொன்னதும் அவர் உரக்கக் கேட்டார்: "கார் வைத்திருக்கிறவனுக்கு நூறு ரூபாய் கூட்டித் தர, நான் ஏன் ஒரு நாள் கூலியை விட வேண்டும்?"

ஜன்னலுக்கு உள்ளே நின்று அதிகாரி சொன்னதையே கேட்டுக்கு வெளியே நின்று தொழிலாளி சொல்கிறார்! ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழைய பேச்சு. இப்போது ஆள் கால், கார் முக்கால் என்றாகிவிட்டது. காரைப் பார்த்துப் பையின் கனத்தைச் சொல்கிறார்கள். பையின் கனத்தைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்கிறார்கள். இந்தக் கோணல் அளவுகோலால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த இளைஞருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் மேல் நமக்குக் கோபமில்லை. அதே மெஷினில் அதே வேலையைச் செய்து குறைந்த கூலி வாங்குகிறவர் அவர். எரிச்சல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற வண்டிகளின் கதவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். தொழிலாளியின் பெயர் ஓரிடத்தில் இருக்கும். கடன் கொடுத்த பாங்கின் பெயரோ பைனான்ஸ் கம்பெனியின் பெயரோ இன்னோரிடத்தில் இருக்கும். கடைசித் தவணை தீர்கிறவரை அந்தப் பெயர் அழியாது. இரண்டு மூன்று தவணை தவறட்டும், வண்டி யாருடையது என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 5 லட்ச ரூபாய் கடன், வருஷத்துக்கு 9 சதவிகித வட்டி, 7 வருஷத் தவணை. மாதம் ஏறக்குறைய 8,045 ரூபாய் கட்ட வேண்டும். 84 மாதம் கட்டி முடிக்கும்போது கொடுத்தது 6 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல். அதாவது 1 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல் வட்டியாக மட்டும் போயிருக்கும். இன்ஷூரன்ஸ், பெட்ரோல், ரிப்பேர் எல்லாம் தனி. ஏழு வருஷம் கழித்து அந்த வண்டியை விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். நிலத்தை வாங்கினால் விலை ஏறும். காரை வாங்கினால் ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே இறங்கும். இதைச் செல்வத்தின் அடையாளம் என்கிறார்கள். நாம் பார்க்கிற கார் வரிசையில் பாதிக்கு மேல் நிற்பது கடன்தான், நான்கு சக்கரத்தில்.

பிறகு ஏன் வாங்குகிறான் என்று கேட்கலாம். திருநின்றவூரிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் ஷிப்டுக்கு வருகிறவரைக் கேளுங்கள். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வெளியே வந்தால் என்ன பஸ் இருக்கிறது? மழைக்காலத்தில் பாடி மேம்பாலத்தின் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தவருக்குத் தெரியும். வயதான தகப்பனாரை டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை அழைத்துப் போக வேண்டியவர் ஒருவர் நமது கிளையில் இருக்கிறார். அவர் வாங்கியது மூன்று கை மாறிய பழைய வண்டி. அதையும் ஜன்னல் வழியே எண்ணித்தான் நிர்வாகம் கணக்கில் சேர்த்திருக்கிறது.

அந்த அதிகாரி சைக்கிள் ஸ்டாண்டை நினைவு கூர்ந்தாரே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தொடங்கப்பட்டது 1949ல். அன்றைக்கு மில் தொழிலாளி ஒரு புதுச் சைக்கிள் வாங்கிவிட்டால் போதும், "சைக்கிளில் வருகிறான், இவனுக்கு என்ன பஞ்சப்படி?" என்று கேட்ட முதலாளிகள் இருந்தார்கள். பிறகு கைக்கடிகாரத்தைச் சொன்னார்கள். பிறகு டெரிலின் சட்டையைச் சொன்னார்கள். பிறகு டி.வி., பிறகு மோட்டார் சைக்கிள். பொருள் மாறுகிறது, பேச்சு மாறவில்லை. தொழிலாளியின் வீட்டுக்குள் எது புதிதாக நுழைந்தாலும் அது கூலியைக் குறைக்கக் காரணமாகிவிடுகிறது.

பாடியில் சக்கரம் செய்கிறவர்கள் நமது தோழர்கள். காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறவர்கள் நமது தோழர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் முழுக் காரே உற்பத்தியாகி வெளிவருகிறது. காரைச் செய்கிற தொழிலாளி காரில் உட்கார்ந்தால் மட்டும் கண் உறுத்துகிறது. நல்ல வேளை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்வது ராணுவ டாங்கி. அந்தத் தொழிலாளி அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது!

இதுவரை சொன்னது கூலி விஷயம். காரைப் பார்த்துக் குணத்தைத் தீர்மானிப்பது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு விவசாயத் தொழிலாளி மக்களுக்குத் தெரிந்த சாட்சி ஒன்று உண்டு. அம்பத்தூரின் இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது. அவர்களுக்காக எழுதுகிறோம்.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், கீழவெண்மணி கிராமம். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அந்தச் சேரி மக்கள் செய்த குற்றம். எதிரே நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் மிராசுதாரர்கள். அன்றிரவு அடியாட்கள் சேரியைச் சூழ்ந்தார்கள். தப்பி ஓடி ராமய்யாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், உயிரோடு கொளுத்தப்பட்டார்கள்.

வழக்கு நடந்தது. 23 பேர் மேல் குற்றச்சாட்டு. 1970ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அப்பீல் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது. 1973ல் எல்லோரும் விடுதலை! என்ன காரணம் சொல்லப்பட்டது? குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதாரர்களாக இருப்பது ஆச்சரியமாக இருக்கிறதாம். அவர்களில் பெரும்பாலோர் ஏராளமான நிலம் படைத்த பணக்காரர்களாம். முதல் எதிரியிடம் ஒரு கார் இருக்கிறதாம். அப்படிப்பட்டவர்கள், வேலைக்காரர்களின் துணையில்லாமல், தாங்களே கால்நடையாக அந்த இடத்துக்கு நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டமாக இருக்கிறதாம்.

வாசகர்கள் இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படிக்க வேண்டும். கார் இருக்கிறது, ஆகவே நடந்திருக்க மாட்டார். நடந்திருக்க மாட்டார், ஆகவே கொளுத்தியிருக்க மாட்டார். கீழவெண்மணியில் கண்ணால் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கூண்டில் ஏறி அழுதார்கள். அத்தனை பேர் வாய்ச் சொல்லையும் விட ஒரு மோட்டார் காரின் மௌன சாட்சி கனமாக இருந்தது. அதே இரவில் மிராசுதாரர் தரப்பில் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் விவசாயத் தொழிலாளிகள் தண்டனை அடைந்தார்கள். அவர்களிடம் கார் இல்லை. அவர்கள் எங்கும் நடந்துதான் போவார்கள் என்பதை நம்புவதற்கு எவருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை.

இன்றைக்கும் பூந்தமல்லிச் சாலையில் இரவு சோதனையின்போது எந்த வண்டி நிறுத்தப்படுகிறது, எந்த வண்டிக்குச் சலாம் விழுகிறது என்று பாருங்கள். சிவப்பு விளக்கைச் சுழற்றிக் கொண்டு போகும் மந்திரிமார் வழக்கம் 2017 மே 1ந் தேதி முதல் முடிவுக்கு வந்தது. மே தினத்தன்று அது நடந்தது நமக்குச் சந்தோஷமே. விளக்கு போயிற்று. சலாம் போகவில்லை.

சர்க்கார்களும் இந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அது தலைகீழாக வேலை செய்கிறது. பணக்காரனுக்குக் கார் பாதுகாப்பாக நின்றது. ஏழைக்கு அது குற்றப் பத்திரிகையாகிறது.

2023 செப்டம்பர் 15ந் தேதி காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நாம் அதை வரவேற்றோம், இப்போதும் அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் தேர்வானார்கள். வருஷ வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள். அவற்றோடு இன்னொரு விதி: சொந்த உபயோகத்துக்குக் கார், ஜீப், டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பம் தகுதியற்றது.

வருமான உச்ச வரம்பு ஏற்கெனவே இருக்கிறதல்லவா? பிறகு எதற்கு இந்தச் சக்கர வரம்பு? அந்த விதி வண்டி எந்த வருஷத்து வண்டி என்று கேட்கவில்லை. எத்தனை ரூபாய்க்கு வாங்கியது, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆம்னியும், நேற்று இறக்குமதியான சொகுசுக் காரும் அதன் கண்ணில் ஒன்று. வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் நமது பக்கத்தில் எத்தனை பேர்! சர்க்கார் ஏட்டில் அவர்கள் இன்னும் கார்ச் சொந்தக்காரர்கள். திருமழிசைப் பக்கத்தில் காய்கறி ஏற்றக் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர் இருக்கிறார், கால் டாக்ஸி ஓட்டுகிறவர் இருக்கிறார். மஞ்சள் போர்டு மாட்டிய காரின் சொந்தக்காரர் என்று பெயர். பகலில் பாதி செயலிக் கம்பெனிக்கு, மீதி தவணைக்கு. காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுக்கிற இந்த மனிதரைக் 'கார் ஓனர்' என்று தெருவில் கூப்பிடுகிறார்கள். கூலிக்காரருக்கு இப்படியும் ஒரு பட்டம்!

மத்திய சர்க்காரின் புத்தி இதையும் மிஞ்சியது. கிராமப்புற வீட்டுத் திட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பை வைத்துப் பட்டியல் போட்டார்கள். மோட்டார் சைக்கிள் இருந்தால் பட்டியலுக்கு வெளியே. வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் வெளியே. டெலிபோன் கம்பி வந்தால் வெளியே. ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றால் அந்தக் கூரை ஒழுகவில்லை என்று அர்த்தமாம்! 2024ல்தான் மோட்டார் சைக்கிள், ஃபிரிட்ஜ், டெலிபோன் விதிகளை எடுத்தார்கள். மூன்று சக்கரமும் நான்கு சக்கரமும் அப்போதும் தடையாகவே வைக்கப்பட்டன. 2017ல் தமிழ்நாட்டு ரேஷன் விதிகளிலும் நான்கு சக்கர வாகனம், ஏர் கண்டிஷனர் என்று இதே பட்டியல் தலைகாட்டியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அரிசி எவருக்கும் நிற்காது என்று மந்திரி சொல்ல வேண்டி வந்தது. பீரோவுக்குள் இருப்பது அதிகாரியின் கண்ணுக்குத் தெரியாது. வாசலில் நிற்பது தெரியும். ஏழையின் சொத்து எப்போதும் வாசலில்தான் நிற்கிறது.

பெரியவர்களின் காரோ, அவர்கள் பெயரிலேயே இருப்பதில்லை. கம்பெனியின் பெயரில் வாங்குகிறார்கள். வருஷா வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம் என்று வருமான வரிக் கணக்கில் கழித்துக் கொள்கிறார்கள். கார்க் கடனின் வட்டி கம்பெனிச் செலவு. பெட்ரோல் கம்பெனிச் செலவு. டிரைவரின் சம்பளமும் கம்பெனிச் செலவு. சம்பளக்காரன் தன் பெட்ரோல் காருக்குக் கட்டும் வட்டியில் ஒரு பைசாவைக் கூட வரியிலிருந்து கழிக்க முடியாது. ஆகவே எந்தக் கார் யாருடைய பணத்தில் ஓடுகிறது என்று கேட்டால், முதலாளியின் காருக்கும் தொழிலாளிதான் பெட்ரோல் போடுகிறான் என்ற பதில் வரும். ஜன்னல் திரையை விலக்கிய அந்த அதிகாரி தான் வந்திறங்கிய வண்டியின் பக்கம் கையை நீட்டவில்லை என்பதை நமது தோழர்கள் கவனித்தார்கள்.

பாங்கிகளின் கண்ணும் இப்படித்தான். விஜய் மல்லையா 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் போனபோது பாங்கிகளுக்குச் சுமார் 9,000 கோடி ரூபாய் பாக்கி. வைர வியாபாரி நீரவ் மோடியின் மோசடி 2018ல் வெளியாயிற்று. பஞ்சாப் நேஷனல் பாங்குக்கு நஷ்டம் 13,000 கோடிக்கு மேல். 2019 ஏப்ரலில் அவருடைய கார்களை ஏலம் விட்டார்கள்; அவற்றில் ஒரு ரோல்ஸ் ராய்சும் இருந்தது. அந்தக் காரைத் தெருவில் பார்த்தவர்கள் கோடீஸ்வரர் போகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள். போனது டெபாசிட்தாரர்களின் பணம்.

அப்படியானால் எளிய வண்டியில் வருகிற முதலாளி நல்லவர்தானே என்று சிலர் நினைக்கலாம். இந்த மயக்கம் நம்மவர்களிடமும் உண்டு. அமெரிக்காவில் வால்மார்ட் கடைகளை நிறுவிய சாம் வால்டன் கோடானு கோடிச் சொத்துக்கு அதிபதி. அவர் ஓட்டியது ஒரு பழைய ஃபோர்டு பிக்-அப் வண்டி. நாய்களை ஏற்றிக் கொண்டு வேட்டைக்குப் போகத் தோதான வண்டி. எளிமையின் சின்னம் என்று அதைக் கண்காட்சியிலேயே வைத்திருக்கிறார்கள். அவர் 1992ல் காலமானார். அவருடைய கம்பெனி கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜான்கியர் என்ற ஊரில், தொழிலாளர்கள் சங்கம் அமைத்த கடையை 2005ல் இழுத்து மூடியது. பிக்-அப் வண்டி எளிமைதான். சங்கம் மட்டும் ஆகாது!

நமது இயக்கத்தின் தலைவர்கள் பலர் காரில்லாமல் வாழ்ந்தார்கள். இருபதாண்டுகள் திரிபுராவின் முதல் மந்திரியாக இருந்த மாணிக் சர்க்காருக்குச் சொந்தக் கார் கிடையாது. இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், இனியும் சொல்வோம். ஆனால் நாம் அவர்களை மதிப்பது அவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதற்காக. சைக்கிளில் வந்து தொழிலாளியைக் காட்டிக் கொடுத்தவர்களையும் இந்தத் தொழிற்பேட்டை பார்த்திருக்கிறது. வாடகைக் காரைப் பிடித்து நள்ளிரவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து தோழர்களை ஜாமீனில் எடுத்த வக்கீல்களையும் பார்த்திருக்கிறது.

இந்த அளவுகோலை வெளியார் மட்டும் வைத்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக் கொள்ள வேண்டும். டாடா கம்பெனி 2008ல் நானோ என்ற சிறு காரை 1 லட்ச ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லிக் காட்டியது. (சிங்கூர் நிலத்தின் கதை வேறு, அதில் நமது இயக்கம் பட்ட அடியை மறைப்பதற்கில்லை.) மோட்டார் சைக்கிளில் நால்வராக நனைந்து போகிற குடும்பத்துக்கென்று வந்த வண்டி அது. அந்தக் குடும்பங்களே வாங்கத் தயங்கின. நாட்டிலேயே மலிவான கார் என்ற பெயர்தான் காரணம். அந்தப் பெயரே அதைக் கெடுத்தது என்று ரத்தன் டாடாவே பின்னால் ஒப்புக் கொண்டார். 2018ல் உற்பத்தி நின்றது. மலிவு வண்டியில் போனால் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பயந்து, இரண்டு லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கியவர்கள் நம்மிடையே இல்லையா? பெண் பார்க்க வருகிறவன் எந்தக் காரில் வருகிறான் என்று வாசலுக்கு ஓடிப் பார்க்கிற பழக்கம் நமது வீடுகளில் இல்லையா? பைனான்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டு தனியாக வேண்டாம், நமது தெருவின் கண்களே போதும்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் போட்ட மண்ணில் நின்று கொண்டு, பக்கத்துத் தொழிலாளியின் பழைய காரைக் காட்டி அவனைப் பணக்காரன் என்று சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

எனவே அம்பத்தூர் கம்பெனியில் நமது சங்கம் என்ன செய்யப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இன்னொன்று என்ற பேச்சு இனி இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது பட்டியலின் முதல் வரியாக வரும்; முன்பே வந்திருக்க வேண்டும், அது நமது தவறு. இரவு ஷிப்டு முடிகிற நேரத்துக்குப் பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி மூன்று பக்கமும் கம்பெனி பஸ் கேட்கிறோம், காண்ட்ராக்ட் தொழிலாளியும் அதில் ஏறலாம் என்ற நிபந்தனையோடு. எந்தச் சர்க்கார் எந்த உதவித் திட்டம் கொண்டு வந்தாலும் விண்ணப்பத்தில் சக்கரத்தை எண்ணும் கேள்வியை எடுக்க வேண்டும் என்று ஆவடி, பூந்தமல்லி தாலுகா ஆபீசுகளுக்கு மனுக் கொடுக்கிறோம். பழைய வண்டி காரணமாக உதவி மறுக்கப்பட்ட குடும்பத்தார், மறுப்புத் தகவல் வந்த செய்தியோடு, ஆர்.சி. புத்தகம், தவணைப் புத்தகம் இரண்டின் நகலையும் சங்க ஆபீசில் கொடுக்க வேண்டுகிறோம். கிராமக் கிளைகள் டிராக்டர், குட்டியானை வண்டிகளின் விவரத்தையும் சேர்த்து அனுப்பட்டும்.

கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலாகும் வரவு செலவு அறிக்கையை எவரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். நமது தோழர்கள் கட்டிவிட்டார்கள். வாகனங்கள் என்ற தலைப்பில் எத்தனை ரூபாய், தேய்மானம் எத்தனை ரூபாய் என்று அடுத்த பேச்சு வார்த்தையின்போது அந்தப் பக்கத்தை மேஜை மேல் வைப்பார்கள். ஜன்னல் திரை அன்றைக்கும் விலகியே இருக்கட்டும்.